பதினேழாம் குவியலின் மூன்றாவது கோப்பை

வெனரந்தா முதன்முதலாகக் காப்பி குடித்தபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது. ஒரு வாய் உறிஞ்சிவிட்டு வாசல் பக்கம் போய்த் துப்பினாள். "இதுக்கா இத்தனை பாடு?" என்றாள்.

எங்கள் முகேரா குன்றில் யாரும் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. இங்கே எல்லார் வீட்டுக் கொல்லையிலும் காப்பி மரம் உண்டு, காப்பி போடும் பாத்திரம்தான் ஒரு வீட்டிலும் இல்லை. பழத்தைப் பறித்து நிலையத்துக்குச் சுமந்து கொடுப்போம். அது மலை தாண்டி, கடல் தாண்டி யாரோ குடிக்கப் போகும். நாங்கள் பால் குடிப்போம், வாழைப்பழக் கள் குடிப்போம்.

அது 2006 ஏப்ரல். எங்கள் காப்பி விவசாயிகள் சங்கம் பழம் அலசும் நிலையத்தைக் கட்டி இரண்டாவது பருவம். பதிவேடு எழுதுவது என் வேலை. எந்த வீட்டுப் பழம், எத்தனை மணிக்கு வந்தது, எந்தத் தொட்டியில் எவ்வளவு நேரம் ஊறியது, எந்தக் கம்பிவலைக் கட்டிலில் எத்தனை நாள் காய்ந்தது என்று எல்லாம் எழுதுவேன். வெனரந்தா அந்தக் கட்டில்களின் ஓரம் நின்று சொத்தைக் கொட்டைகளைப் பொறுக்கும் முப்பத்தெட்டுப் பெண்களில் ஒருத்தி. ஆறாம் வகுப்போடு நின்றவள். கணவன் ஏரியில் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவன். மகள் ஜோசியானை முதுகில் கட்டிக்கொண்டே பொறுக்குவாள்.

அந்த மே மாதம் ஒருநாள் ஒன்பதாம் கட்டிலருகே நின்றுகொண்டு, "இதுல மண்ணெண்ணெய் வாடை வருது" என்றாள். மேற்பார்வையாளர் குனிந்து முகர்ந்தார். நான் முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. பொறுக்கும் பெண்களின் தலைவி பெலான்சில், "ஏண்டி, நின்னு ஓய்வெடுக்க வேற சாக்கு கிடைக்கலையா?" என்றாள். நான் பதிவேட்டைப் புரட்டினேன். அந்தப் பழம் கீழ்க்கரையிலிருந்து படகில் வந்தது. படகுக்காரனைக் கேட்டபோது, விளக்குக்கான மண்ணெண்ணெய் டப்பா கவிழ்ந்ததாகவும், மூட்டைமேல் படவில்லை என்று நினைத்ததாகவும் சொன்னான்.

2008இல் சங்கம் அவளைத் தலைநகர் கிகாலிக்கு அனுப்பிக் காப்பி சுவைபார்க்கப் பயிற்சி கொடுத்தது. மூன்று மாதம் கழித்து ஒரு வட்டக் கரண்டியோடு திரும்பி வந்தாள். சுவையைக் குறிக்கும் தாளில் எடுத்துக்காட்டாக அச்சடித்திருந்த வெளிநாட்டுப் பழங்கள் எதையும் அவள் கண்டதில்லை. அதனால் தனக்குத் தெரிந்ததை எழுதினாள்: மரத்தக்காளி, பாலேடு, மழை விட்டதும் கிழிந்த வாழை இலை. ஏற்றுமதி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பு பார்த்த கயிதேசி என்ற பெண் தலையில் கை வைத்துக்கொள்வாள். "கிழிஞ்ச வாழை இலையை நான் எந்த மொழியில சொல்ல, அக்கா?"

"அவங்க ஊருல வாழை இல்லைன்னா அதுக்கு நான் என்ன பண்றது?" என்பாள் வெனரந்தா.

எங்கள் மலைகளில் ஒரு சனியன் உண்டு. காய் பச்சையாக இருக்கும்போது ஒரு பூச்சி கடிக்கும். கடிபட்ட கொட்டை பார்வைக்கு மற்றதைப் போலவே இருக்கும். வறுத்து அரைத்தால்தான் தெரியும்: தோல் சீவிய பச்சை உருளைக்கிழங்கின் வாடை. ஒரே ஒரு கொட்டை போதும், அந்தக் கோப்பை கெட்டுவிடும். பக்கத்துக் கோப்பை தேனாக இருக்கும். அதனால்தான் சுவைக்கும்போது ஒரு குவியலுக்கு ஐந்து கோப்பை வைத்து, ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு கிராம் தனித்தனியாக அரைப்போம். குவியல் என்றால் ஒருநாள் பழம். அந்த வாடைக்கு நாங்கள் வைத்த பெயர் கிழங்கு. இந்தச் சொல்லைக் கேட்டாலே சங்கத் தலைவர் செபத்வாரேயின் முகம் சுண்டிவிடும்.

ஆறு பருவங்களில் வெனரந்தா தண்ணீர் ஊற்றுவதற்கு முன், வெறும் தூளை முகர்ந்தே, அறுபத்தோரு கோப்பைகளில் கிழங்கு என்று சொன்னாள். அறுபத்தொன்றிலும் இருந்தது. அவள் விட்ட கோப்பை ஒன்றுகூட இல்லை. இந்தக் கணக்கு வேறு யாருக்கும் தெரியாது. எழுதி வைத்தவன் நான். அவள் மூக்கு தவறாது என்று இந்தக் குன்றில் மற்ற எவரையும்விட எனக்கே அதிகம் தெரியும். இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

2014 ஜூலை 9, புதன்கிழமை, குவோன் என்ற கொரியக்காரர் வந்தார். பூசான் நகரத்தில் காப்பி வறுத்து விற்பவர். எத்தியோப்பியாவில் பதினொரு நாள், கென்யாவில் ஒன்பது நாள், புருண்டியில் நாலு நாள் குடித்துவிட்டு எங்கள் பக்கம் வந்திருந்தார். கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்கச் சுற்றி நாலே நாலு நிலையங்களைத் தேர்ந்தெடுப்பதாகத் திட்டம். அவருடைய கடிதத்தை ஒரு வாரம் முன்பே கயிதேசி எங்களுக்குப் படித்துக் காட்டியிருந்தாள். ஆண்டுதோறும் நேரில் வர அவரால் முடியாதாம். சுவைத்துச் சொல்பவரின் தாளை நம்பித்தான் வாங்க வேண்டுமாம். ஆகவே காப்பியைப் பார்ப்பதோடு, தாள் எழுதும் பெண்ணின் சொல்லை நம்பலாமா என்றும் பார்க்க வருகிறாராம். வெனரந்தா அந்த வாரம் முழுவதும் வெங்காயம் தொடவில்லை, மிளகாய் தொடவில்லை.

அன்று காலை எட்டுப் பத்துக்கு அரைக்கத் தொடங்கினாள். அந்தப் பருவத்துக் குவியல்களில் தேர்ந்தெடுத்த எட்டு, நாற்பது கோப்பை. ஒவ்வொன்றின் மேலும் கண்ணாடி மூடி. பதினேழாம் குவியல்தான் அந்த ஆண்டின் சிறந்தது. அதன் மூன்றாவது கோப்பையை முகர்ந்தவள் அப்படியே நின்றாள்.

"கிழங்கு" என்றாள்.

செபத்வாரே நெற்றியைத் தேய்த்தார். "மாத்திடு. வேற பன்னண்டு கிராம் அரைச்சு வை."

"வேண்டாங்க. அஞ்சுல ஒண்ணு இருக்கு. இருக்கிறது இருக்கட்டும். நானே அவர்கிட்டச் சொல்லிடுறேன்."

"விருந்தாளி முன்னாடி கெட்டுப்போனதை வைப்பியா? உங்க வீட்டுல அப்படித்தான் பழக்கமா?"

"இங்க மறைச்சா அவர் ஊருல போய் நாறும். அப்ப என் தாளை யார் நம்புவாங்க?"

கீழ் வளைவில் வண்டிச் சத்தம் கேட்டது. "முகம் கழுவி அங்கியை மாத்திட்டு வர்றேன். ஐயா, நீங்க இங்கயே இருங்க. யாரும் மூடியைத் திறக்காமப் பாத்துக்குங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் வெளியே போனதும் செபத்வாரே கதவருகே நின்று, என் முகத்தைப் பார்க்காமல், "அனிசேத், நீ பாத்துக்கப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வண்டியை எதிர்கொள்ளப் போய்விட்டார்.

நான் மாற்றினேன். எட்டு ஐம்பத்திரண்டு. பன்னிரண்டு கிராம் நிறுத்து அரைத்தேன். பழைய தூளைக் கொட்ட இடமில்லை. குப்பைக் கூடையில் கொட்டினால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஒரு தாளில் மடித்து என் மேல்கோட்டின் வலப் பையில் வைத்துக்கொண்டேன். அதே கோப்பை, அதே மூடி. எல்லாம் மூன்று நிமிடம்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பதினேழாம் குவியலில் என் தோட்டத்துப் பழமும் அறுபத்து நாலு கிலோ இருந்தது. அந்தப் பருவத்தில் பூச்சி பொறுக்க நான் ஒருமுறைதான் மரத்தடிக்குப் போனேன். அந்தக் கொட்டை என்னுடையதாக இருக்குமோ என்ற எண்ணம் எனக்கு வந்தது. இதையும் எழுத வேண்டும்.

குவோன் ஒல்லியான, அமைதியான மனிதர். தன் கரண்டியைத் துணிப்பையில் சுற்றி வைத்திருந்தார். மேசையைச் சுற்றி அவர், கயிதேசி, செபத்வாரே, பெலான்சில், வெனரந்தா. நான் என் கோட்டுப் பையின் நினைவால் ஜன்னலோரம் ஒதுங்கி நின்றேன்.

வெனரந்தா கயிதேசியிடம் சொன்னாள்: "பதினேழுல மூணாவது கோப்பையில கிழங்கு இருக்கு, நாங்க மாத்தாம வச்சிருக்கோம்னு சொல்லு."

குவோனின் முகம் மலர்ந்தது. இதுவரை எந்த நிலையத்திலும் யாரும் முன்கூட்டிச் சொன்னதில்லை என்றார். மூடியைத் திறந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். கோப்பையை வெனரந்தா பக்கம் நகர்த்தினார். அவள் குனிந்தாள்.

அந்த முகத்தை நான் பார்த்தேன்.

"தண்ணி ஊத்தினா தெரியும்" என்றாள். ஊற்றினாள். நாலு நிமிடம் ஊறவிட்டாள். மேலே படிந்த நுரையைக் கரண்டியால் விலக்கி மூக்கை நீருக்கு மேலே வைத்தாள். ஒன்றுமில்லை. இரண்டாவது கோப்பைக்குப் போனாள், நான்காவதற்குப் போனாள், பதினெட்டாம் குவியலுக்குப் போனாள். "வாடை இருக்கு. இங்க எங்கயோ இருக்கு. கோப்பையில இல்ல, ஆனா இருக்கு." மேசையைச் சுற்றிவந்தாள். ஜன்னல் பக்கம் இரண்டு அடி வைத்தாள். நான் ஜன்னலைத் திறந்தேன், காற்றுக்காக என்பதுபோல.

கயிதேசி மெல்ல, "அக்கா, போதும்" என்றாள்.

பெலான்சில் வாயைப் பொத்திக்கொண்டாள். செபத்வாரே விருந்தாளியைப் பார்த்துச் சிரித்து, "காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல, பாவம்" என்றார். கயிதேசி அதை மொழிபெயர்க்கவில்லை.

குவோன் மிக மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். பதினேழாம் குவியலைத் தன் நாக்கை நம்பி வாங்கிக்கொண்டார். மற்றக் குவியல்களின் தாள்களைப் பார்க்கவில்லை. கிகாலியில் வேறொருவரைக் கொண்டு புதிதாகச் சுவைத்து அனுப்பச் சொன்னார். நான் அன்றைய பதிவேட்டில் "17 – 3: குறை இல்லை" என்று எழுதினேன். குடித்த கோப்பையில் குறை இல்லைதானே, எழுதியது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் அந்தத் தாள் மடிப்பை ஓடையில் போட்டேன்.

அடுத்த வாரம் வெனரந்தா கரண்டியைக் கழுவித் துடைத்து என் மேசைமேல் வைத்தாள். "இல்லாத வாடை என் மூக்குல ஒட்டிக்கிச்சு ஐயா. இனி நான் சொன்னா தப்பாயிடும். நான் கட்டிலுக்கே போறேன்." இருந்து பார் என்று சொன்னேன். அதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

ஒன்பது பருவங்கள் அவள் கட்டிலோரம் நின்று கொட்டை பொறுக்கினாள். பெண்கள் அவளுக்குக் கிழங்கு என்று பெயர் வைத்தார்கள். "கிழங்கு, அந்தத் தட்டை நகர்த்து." அவளும் நகர்த்துவாள். 2021இல் எனக்கு எழுபத்தைந்து ஆனதும் பதிவேட்டை ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருந்தேன். அவளைத் தெருவில் பார்த்தால் விசாரிப்பேன். நன்றாக இருப்பதாகச் சொல்வாள்.

2023 ஆகஸ்ட் 22, செவ்வாய்ச் சந்தை. வெனரந்தா ஏரிப் பொடிமீன் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் பொட்டலத்தைப் பிரித்து என் முகத்தருகே நீட்டினாள்.

"ஐயா, கொஞ்சம் முகந்து பாத்துச் சொல்லுங்க. கெட்டுப் போயிருக்கா?"

"ஏன், நீயே பாக்கக் கூடாதா?"

"என் மூக்கை நம்ப முடியாதுங்களே. வீட்டுல ஜோசியான்தான் பாத்துச் சொல்லுவா. பால் கெட்டிருக்கான்னுகூட அவளைத்தான் கேப்பேன். அவ வேலைக்குப் போயிட்டா."

நான் முகர்ந்தேன். மீன் நன்றாக இருந்தது. அவள் என் பதிலுக்காகக் காத்திருந்தாள். என் சொல்லை அவள் அப்படி நம்பி நின்றதை என்னால் தாங்க முடியவில்லை. சந்தைக்கு வெளியே, யூகலிப்டஸ் மரத்தடிக்கு அவளைக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். நேரம், எடை, கோட்டுப் பை, ஓடை.

அவள் மீன் பொட்டலத்தை மறுபடி மடித்துக் கட்டினாள்.

"நான் செபத்வாரேயைச் சந்தேகப்பட்டேன்" என்றாள். "ரெண்டு நாள் சந்தேகப்பட்டேன். அப்புறம், அனிசேத் ஐயா அறையிலயே இருந்தாரே, அவர் இருக்கிறப்ப எப்படி மாத்தியிருப்பாங்கன்னு விட்டுட்டேன். நீங்க இருந்ததாலதான் என் மூக்கைச் சந்தேகப்பட்டேன்."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்தாள்.

"மேசையைச் சுத்தி நாலு பேர் இருந்தாங்க. எனக்குச் சொன்னதை நாலு பேருக்கும் சொல்லுங்க. சொல்லிட்டு வாங்க."

முதலில் செபத்வாரேயிடம் போனேன். கால் வீங்கிப் பாயில் படுத்திருந்தார். "கோப்பையா? எந்தக் கோப்பை?" என்றார். நான் நினைவுபடுத்தினேன். "இதுக்கா இவ்வளவு மேடு ஏறி வந்த? ஏம்ப்பா, நான் பாத்துக்கன்னுதான் சொன்னேன். மாத்துன்னு உங்கிட்டச் சொன்னேனா?"

"இல்ல. சொல்லல."

"அப்புறம் என்ன." புரண்டு படுத்துக்கொண்டார். அவர் சொன்னது சரிதான்.

பெலான்சில் முதலில் சிரித்தாள். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அண்ணே, அவளுக்குக் கிழங்குன்னு பேர் வச்சது யாருன்னு தெரியுமா? நான்தான். போன வாரங்கூடக் கூப்பிட்டேன். நீங்க அந்தப் பக்கமா எத்தனை தடவை நோட்டைத் தூக்கிட்டுப் போனீங்க. ஒருநாளாவது ஏண்டி அப்படிக் கூப்பிடுறேன்னு என்னைக் கேட்டீங்களா?"

"கேக்கல."

"போங்க. என் முன்னாடி நிக்காதீங்க."

கயிதேசியைத் தொலைபேசியில் பிடித்தேன். இப்போது கிகாலியில் சொந்தமாக ஏற்றுமதி செய்கிறாள். முழுவதும் கேட்டுவிட்டு, "அன்னைக்கு நான் 'அக்கா, போதும்'னு சொன்னேன் இல்ல?" என்றாள். நான் எழுதிய கடிதத்தை மொழிபெயர்த்துக் குவோனுக்கு அனுப்பினாள்.

பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. கயிதேசி அதை எங்கள் மொழியில் எழுதி அனுப்பியிருந்தாள். சுருக்கமான கடிதம். 2014 நவம்பரில் பதினேழாம் குவியலின் மூட்டைகள் பூசான் போய்ச் சேர்ந்தன. வறுத்து ஐம்பது கோப்பை வைத்ததில் ஒன்பதில் கிழங்கு இருந்தது. அப்போதே அவருக்கு அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்தது. எழுத வேண்டும் என்று நினைத்தார். எல்லார் முன்னிலையிலும் அவள் தாள்களை ஒதுக்கிவைத்தவர் தானே என்பதால் எழுதக் கூசினார். நாள் தள்ளிப்போயிற்று. பிறகு எழுதவே முடியவில்லை. அந்தப் பெண் இப்போதும் சுவைக்கிறாளா என்று கேட்டிருந்தார்.

கடிதத்தோடு வெனரந்தா வீட்டுக்குப் போனேன். பழைய பதிவேட்டையும் நிலையத்தில் கேட்டு வாங்கிப்போனேன். அந்த வரியை அடிக்கவில்லை. அதன் கீழே சிவப்பு மையில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவள் வாசலில் அவரை உரித்துக்கொண்டிருந்தாள். பலகையைக் காட்டினாள். உட்கார்ந்து கடிதத்தைப் படித்தேன்.

"ஆக, இருந்துச்சு."

"இருந்தது."

"அவருக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு சொன்னீங்க?"

"2014 நவம்பர்."

விரல்விட்டு எண்ணினாள். "நாலு மாசம். அப்ப ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்கு. பூசான்ல ஒருத்தர், இங்க ஒருத்தர். எனக்கு மட்டுந்தான் தெரியல."

சிவப்பு மை வரியைக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள். படித்தாளா என்று தெரியவில்லை.

"கொரியக்காரருக்கு என்ன எழுதட்டும்?"

"எனக்கு அம்பத்திரண்டு வயசாச்சுன்னு எழுதுங்க."

அவரையை உரித்து முடித்தாள். தோலைக் கோழிக்கு வீசினாள். பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பால் கொண்டுவரப் போகிறாள் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் குன்றில் தங்களோடு வழக்காடிக்கொண்டிருப்பவன் வந்தாலும் வாய் நனைக்காமல் அனுப்ப மாட்டார்கள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. முக்கால் மணி நேரம் கழித்துப் பதிவேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

அதற்கடுத்த செவ்வாய் அவளைச் சந்தையில் பார்த்தேன். மீன்காரி முன் குனிந்திருந்தாள். ஒரு பிடி பொடிமீனை அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். ஒருமுறைதான் முகர்ந்தாள். மீனைத் திரும்பத் தட்டிலேயே போட்டாள்.

"இது நேத்தையது."

"காலையிலதான் கரைக்கு வந்துச்சு, ஜோசியான் அம்மா. வேணும்னா யாரையாவது கேட்டுப் பாருங்க."

"யாரையும் கேக்க வேண்டாம். நேத்தையதுன்னு சொல்றேன்ல."

மீன்காரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கீழே குனிந்து வேறு கூடையை இழுத்தாள். நான் நாலடி பின்னால் நின்றிருந்தேன். வெனரந்தா திரும்பிப் பார்க்கவில்லை. மீன் வாங்காமல், சுற்றுவழியில் மேடேறி வீட்டுக்கு வந்தேன்.